ஸ்டியரிங் ஒரு பக்கம், ஜீப் ஒரு பக்கம்!

உங்கள் வீட்டில் ஐம்பது வயது ஜீப் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. காலை ஆட்டிக்கொண்டு நிம்மதியாக மேலே படிக்கலாம். இருக்கிறது என்றால், தயவுசெய்து இந்தப் பக்கத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, போய் ஸ்டியரிங்கை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாச்சா? முன் சக்கரம் அசைவதற்குள் ஸ்டியரிங் எவ்வளவு தூரம் சும்மா சுற்றியது? இரண்டு விரல்கடை என்றால் பிழைத்தீர்கள். என் வண்டியில் கால் சுற்று! கடிகாரக் கணக்கில், பத்து மணியில் வைத்த கை ஒரு மணிக்கு வந்த பிறகுதான் ஜீப்புக்கே விஷயம் தெரியும். இதற்கு மெக்கானிக் பாஷையில் 'பிளே' என்று பெயர். விளையாட்டு! யாருடைய உயிரோடு என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். பாங்க்கில் குமாஸ்தாவாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய அடியேனுக்கு அப்பா விட்டுப் போன சொத்து இரண்டு. ஒன்று, மலைக்கு மேலே கேரளப் பக்கம் நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். இன்னொன்று, அங்கே போய் வர 1974 மாடல் ஜீப். இரண்டுக்கும் நடுவில் போடிமெட்டுப் பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம் எங்களுடையது. 1940-களின் கடைசியில் மகிந்திராக்காரர்கள் பம்பாயில் அதைப் பூட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் எங்கள் மலையில் குதிரைக்கும் கழுதைக்கும் வேலை போயிற்று. இங்கே ஜீப்தான் பஸ், ஜீப்தான் ஆம்புலன்ஸ், சமயத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கும் ஜீப்தான்.

இருபது வருஷமாக அந்தக் கால் சுற்றை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. வித்தை என்று நினைத்திருந்தேன்! வளைவு வருவதற்கு முன்பே கையைச் சுற்றி வைத்துவிட வேண்டும். வளைவும் கையும் ஒரே நேரத்தில் சந்திக்கும். "இந்த வண்டியை என்னைத் தவிர வேற எவனாலயும் ஓட்ட முடியாது" என்று டீக்கடையில் மார்தட்டியிருக்கிறேன். நேர் ரோட்டில்கூட என் கை இப்படியும் அப்படியும் போய்க்கொண்டே இருக்கும்.

"வண்டி ஓட்டறீங்களா, மாவாட்டறீங்களா?" என்பாள் என் மனைவி.

போன வருஷம் ஐப்பசி மாசம் அந்த மாவு புளித்தது.

சாயங்காலம். மலையில் மஞ்சு இறங்கிவிட்டது. நான் ஓட்ட, பக்கத்தில் மகள். பின்னால், காயெடுப்புக்கு வந்த இரண்டு அம்மாக்கள். மேலேயிருந்து நாலைந்து வளைவு இறங்கியிருப்போம். எதிரே மூட்டை ஏற்றிய லாரி ஒன்று, மஞ்சைக் கிழித்துக்கொண்டு மஞ்சள் கண்களோடு வந்தது. ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். முன் சக்கரம் அதில் இறங்கிய நொடியில் ஸ்டியரிங் என் கையை உதறிக்கொண்டு தானாகச் சுற்றியது. ஜீப்பின் மூக்கு பள்ளத்தாக்கைப் பார்த்தது. நான் திருப்புகிறேன், திருப்புகிறேன்... அந்தக் கால் சுற்று தீரவே மாட்டேன் என்கிறது!

கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. லாரிக்காரர் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து பெரியம்மா ஒருத்தி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்: "ஏந்தம்பி, வண்டி யோசிச்சுத்தேன் திரும்புமோ?"

நான் சிரித்தேன். கை மட்டும் வீடு வந்து சேர்ந்த பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தது.

* * *

என் மகள் விவசாயப் படிப்பு முடித்தவள். தோட்டத்தை இனிமேல் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஊரோடு வந்துவிட்டாள். தோட்டம் அவளுக்கென்றால் ஜீப்பும் அவளுக்குத்தானே? மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாள்.

"அப்பா, இதை நீங்க ஓட்டல. கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டுப் போறீங்க."

இருபது வருஷ வித்தை ஒரே வரியில் காலி!

அப்புறம் ஒரு காகிதத்தில் படம் போட்டு எனக்குப் பாடம் நடத்தினாள். பழைய ஜீப்பில் ஸ்டியரிங் பெட்டி டிரைவர் காலடிக்குப் பக்கத்தில், முன் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு ராடு முன்னால் போய் 'பெல் கிராங்க்' என்கிற தரகரிடம் விஷயத்தைச் சொல்லும். தரகர் இரண்டு ராடு வழியாக இரண்டு சக்கரத்துக்கும் சொல்வார். பெட்டி, தரகர், ராடு முனைகள் என்று மொத்தம் எட்டு இடத்தில் தேய்மானம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் சேர்ந்தால் கால் சுற்று. கூட்டு வட்டி மாதிரி.

"பெட்டிக்குள்ள என்னாகுதுன்னா, காடியில முளை உரசிக்கிட்டே போகுதுப்பா. உரசினா தேயத்தானே செய்யும்? புதுசு மாதிரிப் பெட்டியில நடுவுல இரும்பு குண்டுங்க உருளும். உரசல் கம்மி."

"அப்ப குண்டு போட்ட பெட்டியை வாங்கி இதே இடத்துல மாட்டிட்டாப் போச்சு!"

"அங்கதான் விஷயமே இருக்கு. பெட்டியை அச்சுக்கு முன்னாடி, சேஸிஸ் மூக்குக்குக் கொண்டு போகணும். அங்கருந்து நீளமா, படுத்தாப்புல ஒரே ராடு குறுக்கே அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போகணும். ரெண்டு சக்கரத்தையும் இன்னொரு ராடு சேர்த்துப் பிடிக்கும். தரகரே வேணாம்!"

ராடு எவ்வளவுக்கெவ்வளவு நீளமாக, தரைக்குச் சமமாகப் படுத்திருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாகச் சுற்றுவது குறையுமாம். சக்கரம் மேலே கீழே போகும்போது, சாய்வான ராடு அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. படுத்த ராடு அவ்வளவாகத் தள்ளாது. நான் வேறு, கம்பீரமாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங் பட்டையை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, சாய்வை இன்னும் அதிகமாக்கி வைத்திருந்தேன். ஆக, பள்ளத்தாக்கைப் பார்த்த குற்றத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

பெட்டியைப் புது இடத்தில் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புத் தாங்கி வேண்டும். அதுதான் பிராக்கெட். "பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா மொத்த வண்டியும் அதை நம்பித்தான் திரும்பும்" என்றாள் மகள்.

'பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி' என்பது மட்டும் என் காதில் நன்றாக விழுந்தது.

* * *

பெட்டி இடம் மாறுவது என்றால் சும்மா இல்லை. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. முதலிலேயே எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டோம். அதற்குப் போன இரண்டு மாதமும் தனிக் கட்டுரை. ஆசிரியர் இடம் கொடுத்தால் பிறகு எழுதுகிறேன்.

அந்த இரண்டு மாதத்தில் நான் சும்மா இருந்தேனா? சிக்கன நாயகன் ஆயிற்றே! பஸ் ஏறிக் கோவை உக்கடம் போய், பழைய சாமான் கடையில் ஒரு ஸ்டியரிங் பெட்டியை பேரம் பேசி 6,500 ரூபாய்க்கு வாங்கி, குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கேட், கிரில் செய்கிற பட்டறையில் 900 ரூபாய்க்கு ஒரு பிராக்கெட்டும் செய்து வாங்கினேன். பச்சை பெயின்ட் அடித்து, ஓரத்தில் ஒரு சின்ன வளைவு வேலைப்பாடுகூடச் செய்திருந்தார்கள். என்ன அழகு!

இரண்டையும் சீர்வரிசை மாதிரி எடுத்துக்கொண்டு பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பாய்க்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய அத்தா காலத்திலிருந்தே எங்கள் ஜீப்புக்கு அந்தப் பட்டறைதான் ஆஸ்பத்திரி.

பாய் பச்சை பிராக்கெட்டைக் கையில் வாங்கினார். விரலால் தட்டினார். 'டிங்' என்றது. வைஸில் வைத்து, ஒரு பைப்பைச் சொருகி லேசாக அழுத்தினார். பிராக்கெட் பவ்யமாகத் தலை குனிந்தது.

"இதுல துணி காயப் போடலாம் தம்பி."

"இவ்வளவு சின்ன பெட்டியைத் தாங்காதா பாய்?"

"பெட்டியைத் தாங்கறதுக்கு இல்ல தம்பி. நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பறீங்க, ஆர்ம் ராடைத் தள்ளுது. ராடு சும்மா இருக்குமா? அதே பலத்துல பெட்டியைத் திருப்பித் தள்ளும். சக்கரம் கல்லுல மாட்டிக்கிச்சுன்னா, பெட்டியைச் சேஸிஸ்லருந்து பிச்சு எடுக்கத்தேன் பாக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு இழுப்பு. போக வர எத்தனை வளைவு?"

முப்பத்தி நாலு. நான் கணக்கில் புலி.

அடுத்தது உக்கடத்துப் பெட்டி. அதை ஜீப்பின் மூக்கில் வைத்து, சி கிளாம்ப்பால் தற்காலிகமாகப் பிடித்தார். ஸ்பேனரால் அதன் தண்டை வலது பக்கம் திருகினார். ஆர்ம் இடது பக்கம் போனது. இடது பக்கம் திருகினார். வலது பக்கம் போனது.

பட்டறைப் பையன் கைகொட்டிச் சிரித்தான். "எதிர்க்கட்சி வண்டிண்ணே!"

நடந்தது இதுதான். நான் வாங்கியது அச்சுக்குப் பின்னால் உட்காரப் பிறந்த பெட்டி. அதை முன்னால் கொண்டுவந்து திருப்பி வைத்தால் ஆர்ம் எதிர்ப் பக்கம் பார்க்கிறது, அசைவும் எதிராகிவிடுகிறது. "வெல்டிங்குக்கு முன்னாடி பாத்தா புத்தி, பின்னாடி பாத்தா விதி" என்றார் பாய். மறுபடி உக்கடம். கடைக்காரர் நல்ல மனுஷர், 500 ரூபாய் பிடித்துக்கொண்டு, முன்னால் உட்கார வேண்டிய ஜாதிப் பெட்டியாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தார். மறுபடி மடி, மறுபடி பஸ். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ரெண்டாவதா சார்?" என்று விசாரித்தார்.

* * *

பழைய பெட்டியைக் கழற்றும் நாள் நானும் மகளும் போயிருந்தோம். ஆர்மின் நட்டை எடுத்ததும் நான் உற்சாகமாகச் சுத்தியலைத் தூக்கினேன். "தட்டக் கூடாது!" என்று பாய் கையைப் பிடித்துக்கொண்டார். புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டுமாம். தட்டினால் உள்ளே இருக்கிற தண்டும் பேரிங்கும் அடி வாங்கும்.

பெட்டி இறங்கியது. அதன் பின்னால் ஐம்பது வருஷத்துக் கிரீஸும் மண்ணும் அடை மாதிரி ஒட்டியிருந்தது. பையன் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். சேஸிஸ் சட்டத்தின் மேல், ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டுப் போட்ட இரும்புப் பட்டை தெரிந்தது. சுற்றிலும் பழைய வெல்டிங்.

பாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பையனை சாக்பீஸ் கொண்டுவரச் சொன்னார். பொடி செய்து அந்த இடத்தில் தூவினார். ஐந்து நிமிஷம் கழித்து, வெள்ளைப் பொடியின் நடுவே ஒட்டுப் பட்டையின் ஓரமாக ஒரு கறுப்பு நூல் மெள்ள எழுந்து வந்தது. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, விரிசல் எங்கே என்று தன் கையாலேயே கோடு போட்டுக் காட்டிவிட்டது.

"தம்பி, இந்த ஒட்டு நான் வச்சது" என்றார் பாய்.

"எப்ப?"

"எண்பத்தி நாலுல. அப்ப எனக்கு இருபத்தி ரெண்டு வயசு. அத்தா ஊர்ல இல்ல. பெரியவரு ராத்திரி ஏழு மணிக்கு வண்டியை மெள்ள உருட்டிக்கிட்டு வந்தாரு. பெட்டிக்குப் பின்னால சட்டம் பாதி வரைக்கும் பிளந்திருந்துச்சு. மழை இல்லாம ஏலச்செடியெல்லாம் காஞ்சு போச்சுல்ல, அதுக்கு அடுத்த வருஷம். கையில காசு இல்ல. 'இப்போதைக்குப் பத்த வச்சுக் குடு, அடுத்த சீசன்ல சேஸிஸ் மாத்திருவோம். வீட்ல யாருக்கும் சொல்லிறாத'ன்னாரு."

"அடுத்த சீசன்ல ஏன் மாத்தல?"

"ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு செலவு வந்துச்சு. உங்கக்கா கல்யாணம் ஒரு வருஷம். உங்க காலேஜ் பீஸ் ஒரு வருஷம். நானும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். கடைசியா ஒரு தடவை, 'நான் மட்டும்தானப்பா ஓட்றேன், விடு'ன்னுட்டாரு."

வாசகர்களே, இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தின் ஒரு பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பதினாலு வயதானபோது அப்பாவுக்குத் திடீரென்று ஒரு குணம் வந்தது. அதுவரை எங்களையெல்லாம் ஜீப்பில் திணித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியவர், ஒருநாள் முதல் யாரையும் ஏற்றமாட்டேன் என்றுவிட்டார். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு நாங்கள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவோம். அவர் மட்டும் தனியாக ஜீப்பில் வருவார். தோட்டத்துக்குப் போனாலும் அப்படித்தான். பின்னால் ஏல மூட்டை இருக்கும். நாங்கள் இருக்க மாட்டோம். "மூட்டைக்கு இடம் இருக்கு, மகனுக்கு இடம் இல்லையாக்கும்" என்று அம்மாவிடம் அழுதிருக்கிறேன். அம்மாவுக்கும் காரணம் தெரியாது. "உங்கப்பாவுக்கு டீசல் காசு மிச்சம் பிடிக்கணும்" என்பாள். சொந்தத்தில் அவருக்கு 'கஞ்ச மகாபிரபு' என்று பெயரே நிலைத்துவிட்டது.

2003-ல், ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "அந்த ஜீப்பை வித்துரு." என் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அந்த ரோஷத்தில்தான் விற்காமல் வைத்துக்கொண்டேன். மனைவியை ஏற்றினேன், கைக்குழந்தையாக இருந்த மகளை ஏற்றினேன், இருபது வருஷம் மலையேறினேன். 'பாரு, நான் எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போறேன்' என்று செத்துப்போன அப்பாவுக்குக் காட்டிக்கொண்டு!

அந்தக் கறுப்பு நூலைப் பார்த்தபடி பட்டறையில் கவிழ்த்துப் போட்டிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். மகள் ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என் தப்பும் இருக்கு தம்பி" என்றார் பாய். "பட்டையை நேர் கோடா வெட்டி, சட்டத்துக்குக் குறுக்கே வெல்டிங் விட்டிருக்கேன். அந்த ஓரத்துலதான் இழுப்பெல்லாம் வந்து சேரும், அங்கயேதான் மறுபடி பிளக்கும். அப்ப எனக்கு அது தெரியாது."

* * *

அதற்கப்புறம் பட்டறையில் என் சிக்கனப் பேச்சு எடுபடவில்லை. நானே பேசவும் இல்லை.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பழைய ஒட்டைக் கிரைண்டரால் எடுத்தார்கள். விரிசல் முடிகிற நுனியில் ஒரு சின்னத் துளை போட்டார் பாய். கூரான நுனிதான் விரிசலை மேலும் மேலும் இழுத்துக்கொண்டு போகுமாம். துளை வட்டம் என்பதால் அங்கே இழுப்பு பரவி நின்றுவிடும். பிறகு, விரிசலை 'வி' மாதிரி கிரைண்டரில் திறந்து, அடி வரைக்கும் வெல்டிங் வைத்தார். அதன் மேல் புது பட்டை. இந்தத் தடவை இரண்டு பக்கமும் மீன் வால் மாதிரி சாய்வாக வெட்டியது.

பிராக்கெட்டுக்கு முதலில் காலண்டர் அட்டையில் மாதிரி வெட்டினார். அட்டையை வைத்துப் பார்ப்பார், கத்தரிப்பார், மறுபடி வைப்பார். ரேடியேட்டர் இடிக்கிறதா, ஸ்பிரிங் மேலே வந்தால் ராடு இடிக்கிறதா என்று மூன்று அட்டை வீணான பிறகுதான் இரும்பு. 8 மில்லிமீட்டர் தகடு. துளைகளை கேஸில் ஊதாமல் டிரில் போட்டுக் குடைந்தார்.

சேஸிஸ் சட்டம் 'ப' எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். அதன் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து அடைத்துப் பெட்டியாக்கி, போல்ட் போகிற ஒவ்வொரு துளையிலும் கனமான குழாய்த் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். இது எதற்கு என்று கேட்டேன்.

"போல்ட்டை முறுக்கினா சட்டம் நசுங்கும் தம்பி. நசுங்குன சட்டத்துல போல்ட் டைட்டா இருக்கற மாதிரி தெரியும், நாலு நாள்ல தளரும். உள்ள குழாய் இருந்தா, குழாய்தான் முறுக்கைத் தாங்கும்."

போல்ட் வாங்க என்னை அனுப்பியபோது, தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பார்க்கச் சொன்னார். முதல் எட்டுக்கு, ஒரு சதுர மில்லிமீட்டரை அறுக்க ஏறக்குறைய 80 கிலோ இழுக்க வேண்டும் என்று அர்த்தமாம். அந்தக் கணக்கில் 12 எம்.எம். போல்ட் ஒன்றை அறுக்க ஆறு டன்னுக்கு மேல் வேண்டும். இத்தனை வருஷம் பாங்க்கில் இருந்தேன். தலையிலேயே தன் யோக்கியதையை எழுதிக்கொண்டு வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

பெட்டியை மாட்டுவதற்கு முன், அதன் தண்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றி எண்ணி, பாதிக்குத் திருப்பி நிறுத்தினார்கள். சக்கரத்தையும் நேராக வைத்துக்கொண்டுதான் ஆர்மை மாட்ட வேண்டும். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், இன்னொரு பக்கம் முறைத்துக்கொள்ளும். பெட்டி முன்னால் போய்விட்டதால் தண்டு நீளமாகி, நடுவே இரண்டு கிராஸ் வந்தது. அவை இரண்டும் ஒரே முகமாக நிற்க வேண்டும். மாறி நின்றால் ஸ்டியரிங் ஒரு சுற்றுக்குள்ளேயே இறுகி, இளகி, மறுபடி இறுகும். கடைசியாக ராடு முனைகளின் நட்டுக்கெல்லாம் காட்டர் பின். பையன் ஒன்றை நாளைக்குப் போடலாம் என்றான். பாய் பார்த்த பார்வையில் அப்போதே போட்டுவிட்டான்.

மகள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சிவப்பு நெயில் பாலிஷ் கொண்டுவந்தாள். முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் பிராக்கெட் வரைக்கும் ஒரு கோடு. நட்டு துளி தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். "முதல் நூறு கிலோமீட்டர்ல ஒரு தடவை, ஐந்நூறுல ஒரு தடவை எல்லாத்தையும் பாக்கணும் பாப்பா" என்று பாய் சொன்னதைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறாள்.

"பொண்ணு ஆசையா நெயில் பாலிஷ் வாங்கியிருக்காளேன்னு சந்தோஷப்பட்டேன். கடைசியில போல்ட்டுக்கா?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரத்துச் சொச்சம். பில்லைப் பார்த்தேன். சேஸிஸ் விரிசலுக்குச் செய்த வேலைக்கு மட்டும் கூலி போடவில்லை. கேட்டேன்.

"அது எண்பத்தி நாலுலயே வாங்கிட்டேன் தம்பி. வேலைதான் இப்ப முடிஞ்சிருக்கு" என்றார் பாய்.

* * *

வெள்ளிக்கிழமை காலை டிரையல். ஓட்டுநர் ஆசனத்தில் கம்பீரமாக அடியேன். பட்டறை கேட்டை நோக்கி வந்தேன். வழக்கம்போல வளைவுக்கு முன்பே ஸ்டியரிங்கைக் கால் சுற்றுச் சுற்றினேன். ஜீப் யோசிக்கவே இல்லை! சொன்ன நொடியில் திரும்பி, பாய் வாசலில் வைத்திருந்த தண்ணீர் டிரம்மைத் தள்ளிவிட்டு நின்றது. பதறிப்போய் அந்தப் பக்கம் சுற்றினேன். அந்தப் பக்கமும் உடனே போனது. பையன் சுவரேறிக் குதித்தான்.

பாய் ஓடிவந்து சாவியைப் பிடுங்கினார். "தம்பி, பிளே வண்டியில போயிருச்சு. உங்க கையிலதான் இன்னும் இருக்கு!"

பிறகு மகள் ஓட்டினாள். அவள் கைக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை. போடிமெட்டுப் பாதையில் ஏறினோம். நான் இடது பக்கம், பின்னால் என் மனைவி. அந்தப் பள்ளம் இருந்த இடம் வந்தது. பள்ளம் இன்னும் அங்கேயேதான் இருந்தது. சக்கரம் இறங்கியது, ஏறியது. ஸ்டியரிங் லேசாகத் தும்மியதோடு சரி. மகளின் கை அசையவில்லை. என் கைதான், இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக் காற்றில் கால் சுற்றுச் சுற்றியது.

மேலே போய் நிறுத்தியதும் என் மனைவி இறங்கி, முன்னால் போய்க் குனிந்து சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எல்லாம் நேராத்தான் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாமாவை நாம எவ்வளவு பேசியிருக்கோம்!" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அக்காவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பஸ்ஸுக்குப் பின்னாலயே வருவாரேடா, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது. திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். எங்களுக்கு இருபதடி பின்னால், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தனியாக வந்துகொண்டே இருப்பார் அப்பா.